கடகத்துக்குப் பதினொன்றில் சந்திரன்

மேர்சி வந்தபோது சாத்திரியார் கோணாமலையின் முன்னறையில் கரடியனாற்றிலிருந்து வந்த ஒரு புருசனும் பெண்சாதியும் புது வீட்டுக்குக் கல் வைக்க நாள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மேர்சி வாசலோடு நின்றாள். வெள்ளைச் சேலை கட்டியிருந்தாள். கையில் மடித்த பொலித்தீன் பை ஒன்று.

"உள்ளுக்கு வந்து இரி மகள்" என்றார் கோணாமலை.

"அவங்கள் போகட்டும் ஐயா. நான் நிக்கன்."

ஆள் யாரென்று அவருக்குப் பிடிபடவில்லை. நாள் கேட்க வந்தவர்கள் எழும்பிப் போகும்போது அந்தக் கரடியனாற்றுப் பெண்தான் குனிந்து அவர் காதோடு சொன்னாள்: "ஜூலியன்ட பொஞ்சாதி. தெரியல்லயா உங்களுக்கு?"

கோணாமலை கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

ஜூலியன் செத்து அன்றைக்கு முப்பத்திரண்டு நாள். செங்கலடிக்கு மேற்கே வாவிக்கரையில் அவனும் சதீஸும் பதினாறு வருடமாக ஒரே தோணியில் தொழில் செய்தவர்கள். சதீஸ் கோணாமலையைக் கேட்காமல் தலைமயிர்கூட வெட்டமாட்டான். ஜூலியன் வேதக்காரன், ஞாயிறு பூசை தவறாதவன், சதீஸின் நாள் பார்க்கிற பழக்கத்தைப் பகிடி பண்ணிக்கொண்டே பதினாறு வருடமும் அவனோடு வலை இழுத்தவன்.

ஐப்பசிப் பூரணை கழிந்து மூன்றாம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை, சதீஸுக்குச் சந்திராஷ்டமம். அவன் பிறந்தபோது சந்திரன் நின்றது துலாம் ராசியில். அதற்கு எட்டாம் ராசியான இடபத்துக்குள் சந்திரன் முதல்நாளே நுழைந்திருந்தான். மாதாமாதம் வருகிற இரண்டேகால் நாள்தான், ஆனால் அன்றைய நட்சத்திரமும் சதீஸின் சுவாதிக்கு ஆகாத ரோகிணி. "இண்டைக்கு நீ தண்ணிப் பக்கமே போகாத மனே" என்று விடியற்காலையிலேயே கோணாமலை அவனுக்குச் சொல்லிவிட்டார். சதீஸ் போகவில்லை. ஜூலியன் தனியே தோணியைத் தள்ளிக்கொண்டு போனான். பின்னேரம் மூன்று மணிக்கு வாவியில் இடி விழுந்தது. ஏறாவூர்த் தோணிக்காரர் இருவர் அவனை அவனுடைய தோணியிலேயே கிடத்திக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். கல்லறைத் திருநாளுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. மற்றக் கல்லறைகளுக்கெல்லாம் வெள்ளையடித்துப் பூ வைத்திருந்த நேரத்தில் அவனுக்குப் புதுக்குழி வெட்டினார்கள்.

அதற்குப் பிறகு கோணாமலையின் பெயர் ஊர் தாண்டிப் போய்விட்டது. சதீஸ் காண்கிறவர்களுக்கெல்லாம் சொன்னான். மாங்கேணியிலிருந்துகூட ஆட்கள் பஸ் பிடித்து வந்தார்கள். விடியற்காலையில் பன்னிரண்டு ராசிக்கும் அன்றைய பலனைக் குரலில் பதிந்து அனுப்புகிற அவருடைய வாட்ஸப் குழுவில் ஒரே மாதத்தில் முந்நூறு பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். டோகாவில் வாகனம் ஓட்டுகிறவர்கள், சந்தையில் மரக்கறி விற்கிற பெண்கள், வந்தாறுமூலையில் சோதனை எழுதப் போகிற மாணவர்கள் என்று ஆயிரம் பேருக்கு மேல் அந்தக் குரலைக் கேட்டுவிட்டுத்தான் படி இறங்கினார்கள்.

அவர் பொய் சொல்கிற மனிதர் இல்லை. நில அளவைத் திணைக்களத்தில் படம் வரைந்து ஓய்வு பெற்றவர். ஒரு கோடு பிழைத்தால் ஒருவனுடைய வேலி மற்றவனுடைய வளவுக்குள் போய்விடும் என்று முப்பது வருடம் பயந்து பயந்து வேலை செய்தவர். அதே பயத்தோடுதான் சாத்திரமும் பார்த்தார். ஒவ்வொரு குறிப்பையும் இரண்டு தரம் கணிப்பார். சந்தேகம் வந்தால் மூன்றாம் தரமும்.

மேர்சி கதிரை நுனியில் இருந்தாள். பைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தாள். ஜூலியனின் ஞானஸ்நானப் பத்திரம்.

"நான் இஞ்ச வந்தது மாமிக்குத் தெரியாது. பாதருக்கும் தெரியாது" என்றாள். "இதில அவர் பிறந்த திகதி இரிக்கி. நேரம் இல்ல. அண்டைக்கு அவருக்கும் கூடாத நாளா எண்டு பாத்துச் சொல்லுங்க."

"செத்த ஆளுக்குக் குறிப்புப் பாக்கிற வழக்கம் இல்ல மகள்."

"உசிரோட இரிக்கிற எனக்குத்தான் கேக்கன் ஐயா."

அவள் பத்திரத்தின் மடிப்பை விரலால் நீவிக்கொண்டே சொன்னாள்.

"அண்டைக்கு விடிய சதீஸ் வீட்ட வந்தவன். நான் வரல்ல மச்சான், சாத்திரியார் வேணாம் எண்டுட்டார் எண்டான். இவர் சிரிச்சார். அப்ப எனக்கும் ஒருக்காக் கேளன் எண்டார். சதீஸ் உங்கட நம்பரை அடிச்சு போனை இவர்ட கையில குடுத்துட்டான். நான் குசினிக்குள்ள நிண்ட நான். ஓடி வந்து போனைப் பறிச்சுக் கட் பண்ணினன். பூசைக்குப் போற வாயால சாத்திரம் கேக்கிறதா எண்டு ஏசினன். இவர் தோணி ஊண்டுற கோலை எடுத்துக்கிட்டுப் போய்ட்டார்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் ஈரம் இல்லை. ஒரு மாதமாக அழாத முகம் அது என்று கோணாமலைக்குத் தோன்றியது.

"நான் பறிக்காட்டி நீங்க அவரையும் போகவேணாம் எண்டு சொல்லியிரிப்பீங்களா? அதுதான் எனக்குத் தெரியோணும்."

அன்று காலை சதீஸின் இலக்கத்திலிருந்து ஓர் அழைப்பு வந்து இரண்டு தரம் மணி அடித்து நின்றுபோனது அவருக்கு நினைவுக்கு வந்தது. அதை அவர் பெரிதாக எடுத்திருக்கவில்லை.

"நீ போ மகள்" என்றார். "நான் பாக்கன். நாளைக்கு நானே உன்ட வீட்ட வாறன்."

அவள் போன பிறகு கோணாமலை கதவைச் சாத்திக்கொண்டு பஞ்சாங்கத்தை எடுத்தார். நேரம் இல்லாததால் இலக்கினம் போட முடியாது. ஆனால் ராசிக்கு அது தேவைப்படவில்லை. ஜூலியன் பிறந்த தினத்தில் சந்திரன் நாள் முழுதும் கடகத்தில் நின்றான். விடியப் பிறந்தாலும் இரவு பிறந்தாலும் கடக ராசி, பூச நட்சத்திரம்.

அவர் பேனையைக் கீழே வைத்தார். மிச்சத்தைக் கணிக்கத் தாள் தேவைப்படவில்லை. கடகத்துக்கு இடபம் பதினோராம் இடம். இலாப ஸ்தானம். இடபத்தில் சந்திரன் உச்சம். பூசத்துக்கு ரோகிணி சாதக தாரை, எடுத்த காரியம் முடிகிற நாள். அந்த மாதம் முழுவதும் தேடியிருந்தாலும் ஜூலியன் தோணி தள்ளுவதற்கு அதைவிட நல்ல நாளை அவரால் குறித்துக் கொடுத்திருக்க முடியாது.

இரண்டாம் தரம் கணித்தார். மூன்றாம் தரமும் கணித்தார். பிறகு தொலைபேசியை எடுத்துக் குழுவில் மேலே மேலே தள்ளிக்கொண்டு போய் அந்தச் செவ்வாய்க்கிழமையைக் கண்டுபிடித்தார். பன்னிரண்டு குரல் பதிவுகள் வரிசையாகக் கிடந்தன. நாலாவதை அழுத்தினார்.

"கடக ராசி நேயர்களே, சந்திரன் உங்களுக்குப் பதினோராம் இடத்தில உச்சமா நிக்கிறான். தொழிலுக்குப் போற ஆக்கள் தயங்காமப் போங்க. கை நிறைஞ்சு வீடு வருவீங்க."

தன்னுடைய குரல்தான். நல்ல உற்சாகமான குரல். கோணாமலை தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தார். பெண்சாதி புஸ்பம் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்து, ஆறிப்போனதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள்.

பொழுது சாய்கிற நேரம் சதீஸ் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். மேர்சி வந்துபோனதை யாரோ அவனுக்குச் சொல்லியிருந்தார்கள்.

"என்னவாம் மாமா அவ?"

கோணாமலை நடந்ததைச் சொன்னார். கணித்ததையும் சொன்னார். சதீஸின் முகம் கறுத்துப்போனது.

"அப்பிடி இரிக்க ஏலாது. இன்னொருக்காப் பாருங்க."

"மூண்டு தரம் பாத்துட்டன்."

"அட்டமத்துச் சனி எண்டு ஒண்டு கடகத்துக்கு ஓடுது எண்டு திருக்கணிதக்காரர் சொல்றாங்களே. அதைச் சொல்லுங்க. அவவுக்கு என்ன விளங்கப் போகுது?"

"நான் வாக்கியப் பஞ்சாங்கத்தில பாக்கிற ஆள். இவ்வளவு காலமும் தொடாத கணக்கை இண்டைக்கு என்னத்துக்குத் தொட? தொட்டாலும், சனி ரெண்டரை வருசம் ஒரு ராசியில நிக்கிறவன். உலகத்தில இரிக்கிற கடக ராசிக்காரர் எல்லாருக்கும்தான் நிக்கிறான். அவன் ஒரு செவ்வாய்க்கிழமைப் பின்னேரத்தைச் சொல்லமாட்டான் மனே."

சதீஸ் முற்றத்தில் இங்கும் அங்கும் நடந்தான். பிறகு படியில் குந்திக்கொண்டு இரண்டு கையாலும் தலையைப் பிடித்தான்.

"அவனுக்குக் கெட்ட நாளா இரிக்கோணும் மாமா. இல்லாட்டி என்னால ஏலாது" என்றான். "நாலு துண்டு வலை போட்டிரிந்தம். ரெண்டு பேர் எண்டா ஒருத்தன் கோல் ஊண்ட, மத்தவன் தூக்க, பதினொரு மணிக்குக் கரை ஏறியிரிப்பம். அவன் தனிய நிண்டு மூண்டு மணி மட்டும் தூக்கியிரிக்கான். இடி வந்தது மூண்டு மணிக்கு."

இந்தக் கணக்கு அவர் போடாதது. தோணியில் இருந்த இரண்டு பேரில் ஒருவனை எடுத்துவிட்டால் வேலை எவ்வளவு நேரம் இழுக்கும் என்பது பஞ்சாங்கத்தில் இல்லை. ஒருவனைக் காப்பாற்றினேன் என்று ஒரு மாதமாக ஊர் சொன்னதை மறுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தவர் அவர். அந்த ஒருவனைக் காப்பாற்றிய அதே சொல்தான் மற்றவனை மூன்று மணி வரைக்கும் தண்ணீரில் நிறுத்தி வைத்தது.

"இத ஏன் நீ எனக்கு முதல் சொல்லல்ல?"

"ஆரிட்டச் சொல்ல? அவட வீட்டுப் பக்கம் போய் ஒரு மாசம். செத்த வீட்டில கடைசியா அவட முகத்தைப் பாத்த நான்."

அவன் எழும்பிப் போகும்போது திரும்பி நின்று சொன்னான்: "நீங்க உண்மையச் சொன்னா என்னையும்தான் கொல்றீங்க. யோசிச்சுச் செய்யுங்க."

அன்று சாப்பாட்டுக்கு இருந்தபோது கோணாமலை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். புஸ்பம் வாசலுக்குள் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"இஞ்சேருங்க" என்றாள். "அட்டமத்துச் சனி எண்டு சொன்னா உங்களுக்கும் நல்லம், சதீஸுக்கும் நல்லம். அந்தப் புள்ளைக்கு?"

அது அவருக்கும் தெரிந்ததுதான். கெட்ட நாள் என்று அவர் வாயால் வந்துவிட்டால், போனைப் பறித்த கையோடுதான் மேர்சி சாகும் வரைக்கும் இருப்பாள்.

மறுநாள் காலை அவர் சைக்கிளில் வாவிக்கரைக்குப் போனார். மேர்சியின் வீடு கிடுகு வேலிக்குள் ஓடு போட்ட சின்ன வீடு. மாமியார் பூசைக்குப் போயிருந்தார். வளவில் வேப்பமரத்தின் கீழே ஜூலியனின் வலை அப்படியே குவிந்து கிடந்தது. மேர்சி கதிரை கொண்டுவந்து போட்டாள். அவர் இருக்கவில்லை.

"உன்ட மனிசனுக்குக் கடக ராசி மகள்" என்றார். "அண்டைக்கு அவருக்கு நல்ல நாள். நான் கணிச்சதில அதைவிட நல்ல நாள் கிடையாது."

அவளுக்கு விளங்கவில்லை. "நல்ல நாளா?"

"நான் சொல்றதை நம்ப வேணாம். இதைக் கேள். இது அண்டைக்கு விடிய அஞ்சு மணிக்கு நான் எல்லாருக்கும் அனுப்பினது."

தொலைபேசியை நீட்டிப் பிடித்தார். அவருடைய குரல் வளவுக்குள் ஒலித்தது. தயங்காமப் போங்க. கை நிறைஞ்சு வீடு வருவீங்க.

"இன்னொருக்காப் போடுங்க" என்றாள் மேர்சி.

போட்டார்.

"நீ போனைப் பறிக்காட்டி இதைத்தான் அவருக்கும் சொல்லியிரிப்பன்" என்றார் கோணாமலை. "என்ட வாய் அவரைச் சந்தோசமா அனுப்பி வைச்சிரிக்கும். நீ மறிச்சதால ஒண்டும் மாறல்ல."

மேர்சி வேப்பமரத்தில் கையை ஊன்றினாள். பிறகு வலைக்குப் பக்கத்திலே நிலத்தில் இருந்துவிட்டாள். அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் அது அழுகை என்றே தெரியவில்லை. அவள் வலையை இரண்டு கையாலும் வாரி முகத்தில் வைத்துக்கொண்டு, செத்த வீட்டில் அழாத அழுகையெல்லாம் அழுதாள். அடுத்த வளவுப் பெண் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டாள். கோணாமலை வெயிலில் நின்றார்.

அவள் ஓய்ந்த பிறகு அவர் மற்றதையும் சொன்னார். அதை அவள் கேட்டிருக்கவில்லை. சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். அவள் அவருக்கு நன்றிகூடச் சொல்லியிருப்பாள்.

"இன்னொண்டு இரிக்கி மகள். சதீஸை நான் மறிச்சிராட்டி ரெண்டு பேரும் வெள்ளெனக் கரைக்கு வந்திரிப்பாங்க. ஜூலியன் தனிய நிண்டது என்னால."

மேர்சி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

"அதை நான் செத்த வீட்டிலயே நினைச்ச நான் ஐயா" என்றாள். "உங்களைத் திட்டியிரிக்கன். சதீஸையும் திட்டியிரிக்கன். உங்கட கண் அவியோணும் எண்டு மாதாவுக்கு முன்னால நிண்டு கேட்டிரிக்கன். மறுகா அதுக்கும் பயந்து அழப் பாத்தன், அழுகையும் வரல்ல."

"திட்டினது சரிதான் மகள்."

"இடி விழப்போகுது எண்டு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது. சதீஸுக்கும் தெரியாது." அவள் எழும்பி மண்ணைத் தட்டினாள். "தெரிஞ்ச மாதிரி இனி ஆருக்கும் சொல்லாதீங்க. அவ்வளவுதான். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

அவர் குடித்தார்.

அடுத்த திங்கட்கிழமை விடியற்காலையில் கோணாமலை பன்னிரண்டு பதிவுகளுக்குப் பதிலாக ஒன்றே ஒன்று அனுப்பினார். அந்தச் செவ்வாய்க்கிழமை துலாமுக்கு என்ன சொன்னார், கடகத்துக்கு என்ன சொன்னார், பிறகு வாவியில் என்ன நடந்தது என்று ஒளிக்காமல் சொன்னார். பேரை மட்டும் சொல்லவில்லை. "சந்திரன் எங்க நிக்கிறான் எண்டு எனக்குக் கணிக்கத் தெரியும். அதில பிழை இல்ல. அண்டைக்கு ஒரு மனிசனுக்கு என்ன நடக்கும் எண்டு எனக்குத் தெரியாது. தெரியும் எண்டு நினைச்சிருந்தன். இனி நாளாந்தப் பலன் வராது" என்று முடித்தார்.

மத்தியானத்துக்குள் நானூறு பேர் குழுவை விட்டுப் போனார்கள். கட்டாரிலிருந்து ஒருவன் அழைத்து, "உங்கட சொல்லை நம்பி நான் ரெண்டு பயணத்தை மறிச்சவன், இப்ப இப்பிடிச் சொன்னா என்ன அர்த்தம்?" என்று சத்தம் போட்டான். ஒரு கிழவர் அழைத்து அழுதார். பெண்சாதியைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக இரண்டு நாள் பொறுத்ததைச் சொன்னார். அந்த மனுசி இப்போது சுகமாக இருக்கிறாளா என்று கோணாமலை உடனே கேட்டார். இருக்கிறாள் என்றார் கிழவர். தொலைபேசியை வைத்த பிறகு கோணாமலை கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவினார். இன்னும் எத்தனை பேர் எதை எதையெல்லாம் பொறுத்தார்களோ, எதை எதையெல்லாம் துணிந்தார்களோ, அதற்குக் கணக்கு அவரிடம் இல்லை.

பிறந்த பிள்ளைக்குக் குறிப்பு எழுதித் தரச்சொல்லி வருகிறவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். எழுதிக் கொடுத்தார். கிரகங்கள் நிற்கிற இடத்தை எழுதினார். அதற்குக் கீழே பலன் எழுதுகிற இடத்தை வெறுமையாக விட்டார். சிலர் ஏன் என்று கேட்டார்கள். சிலர் வேறு சாத்திரியாரிடம் போனார்கள்.

சதீஸ் வரவில்லை. அவருடைய அழைப்பையும் எடுக்கவில்லை. கோணாமலை ஒருநாள் அவனுடைய வீட்டுக்குப் போனார். அவன் கொல்லைப் பக்கத்தால் வெளியே போய்விட்டான். "அவர் உங்களோட கதைக்கமாட்டாராம் மாமா, ரெண்டு கிழமையா வாவிக்கும் போகல்ல" என்று அவனுடைய பெண்சாதி தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

நத்தார்ப் பண்டிகைக்கு ஐந்து நாள் இருக்கும்போது மேர்சி அழைத்தாள். மழைக் காலம், கூரையில் விழுகிற சத்தத்தில் அவள் பேசுவது பாதிதான் கேட்டது.

"சதீஸ் வந்தவன் ஐயா. நேத்து மத்தியானம். படலைக்கு வெளிய மழைக்குள்ள நிண்டான். எவ்வளவு நேரம் நிண்டானோ தெரியாது. மாமிதான் கண்டு சொன்னா."

"என்ன சொன்னான்?"

"ஒண்டும் சொல்லல்ல. உள்ளுக்கு வா எண்டன். வந்து குசினி நிலத்தில இரிந்தான். நானும் ஒண்டும் கேக்கல்ல. சோறு போட்டன். அழுது அழுது சாப்பிட்டான். மாமி தலையைத் துடைக்கத் துவாய் குடுத்தா. உங்கட வொய்ஸை அவனும் கேட்டவனாம். போகக்குள்ள வலையைப் பாத்தான். கிழிஞ்சு போய்க் கிடக்கு, நான் பொத்தித் தாறன் எண்டான்."

"வேற?"

"நத்தாருக்கு முதல் கல்லறைக்கு வெள்ளை அடிக்கோணும். மழை விட்டா சனிக்கிழமை வாறன் எண்டிரிக்கான். நீங்களும் வாறதெண்டா வாங்க ஐயா. தூரிகை ரெண்டு இரிக்கி."

"வாறன் மகள்" என்றார் கோணாமலை.